நம்ம காலு எப்டி கீது?

திருப்பதியில் மொட்டைத் தலை ஓர் அதிசயமில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மொட்டைமேல்தான் விழும். ஆனால் நாங்கள் குடியிருந்த தெருவின் மொட்டைகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர்களில் பாதிப் பேர் தாங்களாக வேண்டிக்கொண்டவர்கள் இல்லை. அவர்களுக்காக மாவு அக்கா வேண்டிக்கொண்டிருப்பாள். தலை அவர்களுடையது, வாக்கு அவளுடையது.

மாவு அக்காவுக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பிச்சாட்டூர்ப் பக்கத்துக்காரி, கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள். எனக்குத் தெரிந்த நாளில் தனியாகத்தான் இருந்தாள். வீட்டுக்குள் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, விடிந்ததும் மூடி போட்ட வாளிகளைப் பழைய மொபெட்டின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவாள். ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கொண்டை. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் நின்று முடியை உலர்த்தினாள் என்றால், அது கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே தொங்கும். தெருவில் அத்தனை தலைகளையும் மழிக்க வைத்தவளின் தலையில் மட்டும் ஏன் கத்தி படவில்லை என்று எல்லோருக்குமே ஒரு கேள்வி இருந்தது. மாவுக்காரியிடம் அதைக் கேட்டால் மறுநாள் மாவு புளித்துப்போய் வரும் என்ற பயமும் இருந்தது.

மாவு ஊற்ற ஒரு நிமிடம் போதும். அதற்குள் அந்த வீட்டு விஷயம் முழுவதையும் அவள் வாங்கிக்கொண்டுவிடுவாள். "இன்னாம்மா, கண்ணு செவந்து கீது?" என்று ஆரம்பிப்பாள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போயிருக்கும், இல்லை பையனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இன்டர்வியூ இருக்கும். அக்கா 'உச்' கொட்டிவிட்டுப் போவாள். மறுநாள் வரும்போது கையில் ஒரு மஞ்சள் துணி இருக்கும், அதில் ஒரு காசு முடிந்திருக்கும். கேட்காமல் கொள்ளாமல் அதை அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டுவாள்.

"நேத்தே மொக்கிக்கினேன். வேல ஆனா நீ செஞ்சிடணும்."

வேண்டுதலுக்கு எங்கள் பக்கத்தில் மொக்கு என்பார்கள். தெலுங்கிலிருந்து வந்த சொல். வந்த வேகத்தில் எங்கள் தெருவில் உட்கார்ந்துகொண்டது அக்காவால்தான்.

மொக்குவதில் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. தேங்காய் உடைப்பது, விளக்குப் போடுவது எல்லாம் அவள் கணக்கில் சேராது. "வலிக்கிற எடத்துல குடுக்கணும். வலிக்காத எடத்துல குடுத்தா அது மொக்கா? சும்மா மீந்தத தூக்கிப் போடுறது" என்பாள். ஆகவே யாருக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து வைப்பாள். மூன்றாவது வீட்டு லைன்மேனுக்கு உயிர் மீசையில் இருந்தது. அவர் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்க அக்கா அந்த மீசையைத்தான் மொக்கினாள். சீட் கிடைத்துவிட்டது. மனிதர் ஒரு வாரம் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எதையோ பறிகொடுத்தவர்போல வெறும் மேலுதட்டோடு வந்து நின்றார். அவர் வளர்த்த நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. கம்பத்தில் ஏறியபோது கீழே இருந்தவர்கள் அடையாள அட்டை கேட்டார்களாம்.

கோடி வீட்டில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். தெலுங்குக்காரர். சாமி இல்லை என்று தினமும் சாமியைப் பற்றியே பேசுகிறவர். அவருடைய ஸ்கூட்டர் காணாமல் போனது. அக்கா அவர் ஜன்னலில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டாள். ஸ்கூட்டர் கிடைத்தால் அவர் எடைக்கு எடை கற்கண்டு துலாபாரம். மனிதர் உடம்பு கனத்தவர். கையும் கனத்ததுதான், எளிதில் திறக்காது. போதாக்குறைக்குச் சர்க்கரை நோய் வேறு.

ஸ்கூட்டர் ரேணிகுண்டா ரயில் நிலைய வாசலில் கிடைத்தது. அதை அங்கே நிறுத்திவிட்டு மறந்து வந்ததே அவர்தான் என்று அவர் மனைவி சொல்வார். ஹெட்மாஸ்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி அக்காவிடம் வாதாடினார்.

"அம்மா, நா சம்மதம் லேது! இதி செல்லாது! எனக்கு நம்பிக்கையே லேது, நீ எப்படி மொக்குவ?"

அக்கா வாளியை மூடிக்கொண்டே சொன்னாள்: "நீ நம்பாட்டி போ சார். அவரு உன்ன நம்பிக்கினு கீறாரு."

ஆனால் ஹெட்மாஸ்டரிடம் ஓர் உபாயம் இருந்தது. தராசில் உட்காருவதற்கு முன்னால் எடையைக் குறைத்துவிட்டால் கற்கண்டு மிச்சம். காலையும் மாலையும் நடந்தார். சோற்றைக் குறைத்தார். கடைசியில் கோயில் கட்டடக்கலையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு மலைக்குப் போய்த் தராசில் உட்கார்ந்துவிட்டு வந்தபோது, அவருடைய சர்க்கரை பல வருடங்களுக்குப் பிறகு கட்டுக்குள் வந்திருந்தது. "ஒரு மொக்குல ரெண்டு வேல" என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

இப்படிப்பட்டவளிடம் என் குதிகாலைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் முடிவு செய்ததில் என்ன தப்பு?

நான் அப்போது ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தேன். அங்கே வாடிக்கையாளர் உட்காரலாம், புடவை மெத்தைமேல் சாய்ந்து கிடக்கலாம், நாங்கள் மட்டும் நிற்க வேண்டும். நின்று நின்று வலது குதிகாலில் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, ராத்திரி முழுக்க யாரோ அங்கே ஆணியைத் தீட்டி வைத்திருந்த மாதிரி இருக்கும். நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் குறையும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி. ஊசி போட்டேன், சிலிகான் பட்டை வாங்கிச் செருப்புக்குள் வைத்தேன். நகரியிலிருந்து என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், போனில் வைத்தியம் சொன்னார். "செங்கல்ல சூடு பண்ணி, எருக்க எலய மேல போட்டு மிதிடா. மூணு நாள்ல ஓடிப்பூடும்." மிதித்தேன். வலி ஓடவில்லை, கூடவே ஒரு கொப்புளமும் வந்து சேர்ந்தது.

என் துரதிர்ஷ்டம், ஆணி குத்துகிற நேரமும் மாவு வருகிற நேரமும் ஒன்று. ஆகவே மொபெட் சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நொண்டி நொண்டி நடந்து வலியைக் கரைத்துவிட்டு, அக்கா வரும்போது நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பேன். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்காது. "அக்காகிட்ட சொல்லிடறேன்" என்று அவள் மிரட்டினால் நான் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவேன்.

கடைசியில் டாக்டர் ஆப்பரேஷன்தான் என்றார். குதிகாலில் முள்மாதிரி வளர்ந்திருந்த எலும்பைச் செதுக்கி, இறுகிக் கிடந்த சவ்வைத் தளர்த்திவிட வேண்டுமாம். சித்தூரில் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசம், வர நாலைந்து நாள் ஆகும் என்று அக்காவிடம் சொல்லச் சொல்லி மனைவியைப் பழக்கினேன். ஆட்டோவைக்கூடத் தெருமுனையில்தான் நிற்கச் சொன்னேன்.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் கண் விழித்தேன். தலையணைகளின்மேல் தூக்கி வைத்த என் கட்டுப்போட்ட காலுக்குப் பின்னால் ஒரு கொண்டை தெரிந்தது. டிபன் கேரியரோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"கெரகப்பிரவேசத்துக்குப் போறவங்க எவனாவது தலகாணியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கினு போவானா?" என்றாள். "இட்லி எடுத்தாந்து கீறேன். துன்னு."

நான் இட்லியைப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். மஞ்சள் துணி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

"அக்கா, இன்னா மொக்கிக்கின?"

"கால் நல்லானா அலிபிரியிலேருந்து வெறுங்கால்ல மல ஏறுவ. முழங்கால் முறிச்சான்ல முட்டி போட்டு ஏறுவ."

அலிபிரி மலையடிவாரம், படிகள் தொடங்கும் இடம். முழங்கால் முறிச்சான் என்பது அந்தப் பாதையின் செங்குத்தான இடம். பெயரைச் சொன்னாலே நல்ல காலும் யோசிக்கும். எனக்கு மயக்க மருந்து மிச்சம் இருந்தது, அது ஒரே நொடியில் இறங்கிவிட்டது.

"எக்கா! அறுத்த கால். வேற எதுனா மொக்கக் கூடாதா? மொட்ட அடிச்சிக்கிறேனே!"

அக்கா என் தலையை ஒருதரம் நிதானமாகப் பார்த்தாள். நெற்றி எனக்குச் சின்ன வயதிலேயே பின்னால் போக ஆரம்பித்து, அப்போது உச்சியைத் தாண்டியிருந்தது.

"அங்க இன்னா கீது குடுக்க?" என்றாள்.

நர்ஸ் சிரித்ததில் கையிலிருந்த பாட்டில் ஆடியது. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு என் கால் தெருவுக்குப் பொதுச் சொத்தாகிவிட்டது. தினமும் காலையில் மாவு ஊற்றியதும் அக்கா உள்ளே வந்து, நாற்காலிமேல் நீட்டி வைத்திருக்கும் காலைக் குனிந்து பார்த்து, "நம்ம காலு எப்டி கீது?" என்று கேட்பாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டதே இல்லை. தையல் பிரித்து, ஊன்றுகோல் போய், டாக்டர் பயிற்சிகள் சொன்னபோது அவற்றையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள். தரையில் துண்டைப் போட்டுக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும். ஐஸாக உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்ட வேண்டும். சுவரைத் தள்ளிக்கொண்டு நின்று கெண்டைக்காலை இழுத்துவிட வேண்டும். "செவுத்த நல்லா தள்ளு தம்பி, வுழுந்தா ஓனரு பாத்துக்குவாரு" என்று வாசலில் நின்று விரட்டுவாள்.

கால் தேறத் தேற எனக்குப் பயம் வந்தது. எல்லா நோயாளிக்கும் குணமாகவில்லையே என்று கவலை, எனக்குக் குணமாகிக்கொண்டிருக்கிறதே என்று கவலை. காலையில் எழுந்து பாதத்தை ஊன்றினால் ஆணி இல்லை. சந்தோஷத்தில் கத்தப் போனவன் வாயைப் பொத்திக்கொண்டேன். மொபெட் சத்தம் கேட்டதும் முன்பெல்லாம் நொண்டாமல் இருக்க நடித்தவன், இப்போது நொண்ட நடித்தேன். ஒரே சிரமம், சில நாள் எந்தக் காலில் நொண்ட வேண்டும் என்பது மறந்துவிடும். "நேத்து வலது, இன்னிக்கு எடதா? நம்ம கால் ஊர் மாறிக்கினு கீது" என்று அக்கா மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு நாள் எரிச்சலில்தான் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, அவளால் கிளம்ப முடியவில்லை.

"ஊருக்கெல்லாம் மொக்குறியே, உனுக்குன்னு இன்னா மொக்கி கீற? நீ மல ஏறி நான் பாத்ததே இல்லியே!"

அக்கா கீழே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அப்போதுதான்.

"போறதில்ல தம்பி. அவருக்கும் எனுக்கும் சண்ட" என்றாள், மலைமேல் இருக்கும் சாமியை ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்போல.

அவள் வீட்டுக்காரர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர். நோய் வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது, அவர் நடந்து வீட்டுக்கு வந்தால் முடியைத் தந்துவிடுகிறேன் என்று அவள் மொக்கியிருக்கிறாள். "வலிக்கிற எடத்துலதான் மொக்கினேன். இந்த முடின்னா அவருக்கு உசுரு. அவரே எண்ண வச்சி வாரி வுடுவாரு." வீட்டுக்காரர் நடந்து வரவில்லை.

"சாமியும் குடுக்கல, நானும் குடுக்கல. அதோட பேச்சு நின்னுபோச்சி. மத்தவங்களுக்குக் கேட்டா மட்டும் ஒடனே குடுக்குறாரு பாரு! எனுக்கு இல்லன்னு சொன்னவர ஊருக்கெல்லாம் குடுக்க வக்கிறேன். வுடுவேனா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. இத்தனை நாள் அவளுடைய மொக்கைத் தொந்தரவு என்று மட்டுமே நினைத்திருந்தேன். அது ஒரு சண்டை என்றும், ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் கட்டிய மஞ்சள் துணி அந்தச் சண்டையில் அவள் பெற்ற வெற்றி என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. வெற்றிமேல் வெற்றி. ஆனாலும் வீட்டுக்குப் போனால் கிரைண்டர் மட்டும்தான். மழை விட்டதும் கொண்டையை அழுத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அவள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் நடிப்பு வெகுநாள் ஓடவில்லை. ஒரு காலை அக்கா எதிர்வீட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு சரிவானது. சரியாக ஸ்டாண்டு போடாத மொபெட், வாளிகளோடு மெல்ல நகர ஆரம்பித்தது. கீழே பெரிய சாக்கடை. அதில் போனால் தெருவுக்கு இட்லியும் இல்லை, அக்காவுக்குப் பிழைப்பும் இல்லை. நான் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், ஒன்றும் யோசிக்கவில்லை. பாய்ந்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைன்மேன் வீட்டைத் தாண்டி ஓடி, சாக்கடை விளிம்பில் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு சொட்டு மாவு சிந்தவில்லை.

திரும்பிப் பார்த்தால் தெரு முழுவதும் வாசலில் நின்றது. ஹெட்மாஸ்டர் கைதட்டினார். அக்கா நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் மலைப்பக்கம் தூக்கினாள்.

"கோவிந்தா!"

"கோவிந்தா, கோவிந்தா!" என்றது தெரு. லைன்மேனின் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கியிருந்தது. மீசை இழந்தவருக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம்.

டாக்டரிடம் கடைசி நம்பிக்கையோடு போனேன். மலை ஏறலாமா என்று கேட்டேன், ஏறவே கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று. அவர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் சில மாசம் போகட்டும். அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து மெதுவா ஏறுங்க, கீழே மெத்துன்னு ஏதாவது போட்டுக்குங்க. நானும் வருஷா வருஷம் ஏறுவேன்" என்றார். திருப்பதியில் டாக்டரிடம் போய் இதைக் கேட்டது என் தவறு.

வெறுங்கால் என்று மொக்கியாயிற்று, மெத்தென்று எதைப் போடுவது? சாக்ஸ் போடலாமா என்ற வழக்கு ஹெட்மாஸ்டர் முன்னால் வந்தது. சாக்ஸ் துணி, துணி என்றால் வேட்டிக்குச் சமம், ஆகவே செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா சாக்ஸைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தாள். "உள்ள இன்னா கொழகொழன்னு கீது?" சிலிகான் பட்டை. அவள் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தாள். "இருக்கட்டும். வைத்தியத்துக்கு அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாள். தன்னிடம் பேச்சில்லாதவருக்காக அவளே பதிலும் சொல்லிவிடுவாள்.

டாக்டர் சொன்ன மாதங்கள் கழிந்து, வெயில் தணிந்த ஒரு நாள், நானும் மனைவியும் துணைக்கு ஹெட்மாஸ்டருமாக அலிபிரிக்குப் போனோம். அக்காவும் வந்தாள். முதல் படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எங்களைக் கற்பூரம் ஏற்றச் சொன்னாள். அந்தப் படியில் மட்டும் கால் வைக்கவில்லை. நாங்கள் ஏறித் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் அந்தக் கொண்டை தெரிந்துகொண்டே இருந்தது.

மெதுவாக ஏறினேன். உட்கார்ந்தேன், மறுபடி ஏறினேன். பாதி வழியில் வரும் காலி கோபுரம் தாண்டியதும் குதிகால் லேசாக முணுமுணுத்தது. முழங்கால் முறிச்சானில் முட்டி போட்டதும் ஒரு விஷயம் புரிந்தது. முட்டியால் ஏறினால் குதிகாலுக்கு ஓய்வு! இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அதுதான் அன்றைக்கு என் குதிகாலுக்கு ஆறுதலாக இருந்தது. முட்டி வேறு விஷயம், அதைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

அங்கேதான், இரண்டு கையையும் படியில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியபோது, எனக்குள் அந்த விஷமம் வந்தது. விஷமம் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன்.

"சாமி, இந்தக் காலு என்ன மேல கொண்டாந்து, வலியில்லாம கீழ கொண்டுபோய் வுட்டா, மாவு அக்கா உன்ன வந்து பாக்கும். நான் மொக்கிக்கிறேன்."

முடியைப் பற்றி நான் பேசவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, உரிமையும் இல்லை. பக்கத்துப் படியில் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் என்னையே பார்த்தார். "இதி செல்லுது" என்றார்.

கால் என்னை மேலே கொண்டு போனது, கீழேயும் கொண்டு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பாதத்தை ஊன்றினேன். ஆணி இல்லை. மொபெட் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய் நின்றேன். அக்கா வாளி மூடியைத் திறப்பதற்குள், ஒரு மஞ்சள் துணியை அவள் மொபெட் ஹேண்டில்பாரில் கட்டினேன்.

"இன்னா தம்பி இது?"

"மொக்கிக்கினேன். வேல ஆயிடுச்சி. நீ செஞ்சிடணும். நீ மலைக்குப் போய் அவர பாக்கணும்."

அவள் முகம் மாறியது. அவளைக் கோபமாக நான் அதுவரை பார்த்ததில்லை. "யாரக் கேட்டு மொக்கின?" என்றாள். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். துணியைப் பிடித்து இழுத்தாள், அவிழ்க்கவில்லை. பிறகு குனிந்து, வழக்கமான அளவைவிட ஒரு கரண்டி அதிகமாகவே மாவை ஊற்றிவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். காலைப் பற்றி அன்று கேட்கவில்லை.

நாலைந்து நாள் அந்த மஞ்சள் துணி ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே தெருவில் போனது, வந்தது. நான் பெரிய தப்பு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. "அது அக்காவுக்கும் சாமிக்கும் நடுவுல, நீங்க யாரு?" என்று மனைவியும் திட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மாவு வரவில்லை. மழைக்கும் காய்ச்சலுக்கும் நிற்காத மொபெட் அன்று அவள் வீட்டு வாசலிலேயே நின்றது. ஹேண்டில்பாரில் துணி இல்லை. அன்றைக்குத் தெரு முழுக்க உப்புமா வாசனை. உப்புமா என்றால் முகத்தைச் சுளிக்கிற ஹெட்மாஸ்டர்கூட ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொபெட் சத்தம் கேட்டது. ஓடிப் போனோம். அக்கா தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். வாளியைத் திறக்கக் குனிந்தபோது அது வழுக்கிக் கழுத்துக்கு வந்தது. உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலை. காது இரண்டும் புதிதாக முளைத்தவைபோலத் தெரிந்தன. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் கண் நிறைந்துவிட்டது.

"எக்கா," என்றேன், "நீ போய் அவர பாக்கணும்னுதான நான் மொக்கினேன். முடிய மொக்கலியே."

அக்கா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"இத்தினி வருசம் கழிச்சி அவரு வூட்டுக்குப் போறேன். வெறுங்கையோடவா போறது?"